போட்டு வா

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சின்ன விமானத் திடலில் நின்ற வாகீசனின் பழைய விமானத்தை, அவர் மனைவி ரதி கடைசியில் விற்றுவிட்டாள். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய விமானம். ரதியை விட வயதில் மூத்தது. காட்டுக்குள்ளே ஆற்று மணலிலும் இறக்கவென்று வாகீசன் அதன் சக்கரங்களுக்குத் தடித்த ரயர்கள் பூட்டியிருந்தார். கிளம்பும்போதெல்லாம், "நீரும் வாருமன்" என்று கூப்பிடுவார்.

"எனக்குப் பயம். நீங்கள் போட்டு வாங்கோ" என்று, போய்விட்டு வரச் சொல்லி அனுப்புவாள் ரதி.

போன மாரிக் குளிரில், நித்திரையிலேயே, போட்டு வாறன் என்று சொல்லாமல் போய்விட்டார்.

விமானத்தை வாங்கிய கோணேஸ்வரன் கட்டையான மனிதர். கால் எட்டவில்லையென்று ஓட்டுபவர் இருக்கும் சீற்றை நன்றாக முன்னுக்கு இழுத்துக்கொண்டார். ரதி விமானத்தின் இறக்கையைத் தட்டி, பழக்கதோஷத்தில், "போட்டு வா" என்றாள்.

"வித்த சாமானுக்கு ஆரும் அப்பிடிச் சொல்லுவினமோ?" என்று அவர் சிரித்துக்கொண்டே பறந்தார்.

பின்னேரம், விமானம் நின்ற வெறுமையான கொட்டகையை அவள் கூட்டிக்கொண்டிருந்தபோது கோணேஸ்வரன் அவளுக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, நல்லாத்தான் இறங்கினனான். தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வந்து பாத்தா பிளேனைக் காணேல்லை. ஸ்ராட் பண்ணுற திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ளைதான் கிடக்குது."

ரதி வெளியே வந்தாள். விமானம் புல்லில் நின்றது. ரயர்களில் ஈர மணல் ஒட்டியிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. ஓட்டுபவரின் சீற், வாகீசனின் நீண்ட கால்களுக்கு ஏற்றபடி, பின்னுக்குத் தள்ளியிருந்தது. மற்றச் சீற்றின் பக்கத்துக் கதவு திறந்திருந்தது.

ரதி போனை வைத்துவிட்டு, கூட்டிய தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள்.

"பொறுங்கோ" என்றாள், ஓட்டுபவரின் வெறும் சீற்றைப் பார்த்து. "கொட்டகையைப் பூட்டிப்போட்டு வாறன்."