சுவரில் இருந்த எண்

பதினோராயிரத்து நானூறு. மாவு வியாபாரி தன் லாரி ரிப்பேருக்கு எங்கள் முதலாளியம்மாவிடம் வாங்கின கைமாத்து, பேக்கரிச் சுவரில் சாக்பீஸ் எழுத்தாக நிற்கிறது. எங்கேயும் மாவு கிடைக்காத நேரம். அடுப்பு அணைந்தால் எங்களுக்குக் கூலி இல்லை. இப்போது அவருடைய லாரி வாசலில் நிற்கிறது. வெயிலில் மாவுத்தூள் மினுங்க, முதல் மூட்டையை முதுகில் வாங்குகிறேன். முதுகு விண்ணென்கிறது; ஆனாலும் மாவில்லாமல் கிடந்த நாட்களுக்கு இந்தக் கனம் போதாது போலவே இருக்கிறது. “பெரிய கம்பெனிக்காரங்க ரெட்டை விலை தர்றேன்னாங்களாமே?” என்கிறார் முதலாளியம்மா. “ஆமாக்கா. லாரி படுத்தப்போ அவங்க என் போனை எடுக்கலை. இப்ப நான் எடுக்கலை,” என்கிறார் வியாபாரி. “எனக்கு என்ன விலை?” “பழைய விலைதான்.” முதலாளியம்மா மாவு படிந்த உள்ளங்கையால் சுவரில் இருந்த எண்ணை அழுத்தித் துடைக்கிறார். வியாபாரி பதறுகிறார்: “அக்கா, அது நான் தரவேண்டிய பணமாச்சே!” “எது? சுவத்துல ஒண்ணுமில்லையே தம்பி. மூட்டையை இறக்கச் சொல்லு.”