பொனற்றில் நாலு மூலை

"பிளேட்டைக் கீழ வை. பெயின்ற் உரிஞ்சால் உன்ர பட்டமோ வந்து பூசும்?"

பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடி நாகேந்திரம் கேட்டார். ஆரணி பசை சுரண்ட எடுத்த சவர பிளேட்டை மதில்மேல் வைத்தாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் அவள். எதற்கு ஏச வந்தாலும் அப்பா அந்தப் பட்டத்தில்தான் தொடங்குவார்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு இன்றுதான் அவர் வெள்ளவத்தை ஃபிளாற்றின் படியிறங்கிக் கீழே வந்திருந்தார். வந்ததும் வராததுமாகக் காரின் உறையை இழுத்துவிட்டார். நீல பொனற்றில் ஒட்டுநாடா ஒட்டி உரித்த பசை, ஒரு சதுரத்தின் நாலு மூலையாய், ஊத்தை பிடித்துக் கறுத்துக் கிடந்தது. பின் டிக்கியிலும் அப்படியே.

பின்னேரம் ஆட்கள் வருவார்கள், அதற்கு முன் ஒரு பொட்டில்லாமல் போகவேண்டும் என்றார். லண்டன் மச்சான் குடும்பம் நோய் பார்க்க வரப்போகிறது என்று ஆரணி விளங்கிக்கொண்டாள். உயிர் தப்பிய மனிதனைப் பார்க்க வருகிறவர்கள் பொனற்றையா தடவிப் பார்க்கப் போகிறார்கள்?

"எப்பிடி வந்தது இது?"

"சிநேகிதியின்ர கலியாணத்துக்குப் பூ ஒட்டினது. றேமண்ட் அங்கிள்தான் கார் ஓடினவர்."

"ஓ," என்றார்.

அது பூ ஒட்டிய பசை அல்ல. கார் பழகுகிறவர்கள் முன்னும் பின்னும் ஒட்டவேண்டிய எல் போட் மட்டையின் பசை. பழகியது அம்மா. அப்பா ரெயிலேறிக் கோட்டைக்கு வேலைக்குப் போனதும், கீழ்வீட்டு றேமண்டைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, தவமணி பாமன்கடை ஒழுங்கைகளில் மெல்ல மெல்லக் கார் ஓடிப் பழகினாள். இந்த வீட்டில் ஒரு பொம்பிளை ஸ்ரியறிங்கில் கை வைத்தால் அன்றைக்கே காரை விற்றுப்போடுவேன் என்று கலியாணமான காலத்திலிருந்து சொல்லி வருகிறவர் அப்பா.

போன மாதம் ஒரு காலை. போட்டுகளை ஒட்டிவிட்டு அம்மா றேமண்ட் வரும்வரை காத்து நின்றபோது, ஸ்ரேசனுக்குப் போன அப்பா வேர்த்துக்கொட்டத் திரும்பிவந்து கேற்றடியில் விழுந்தார். றேமண்டைக் காணவில்லை. ஆரணி பம்பலப்பிட்டியில் வேலையில். அம்புலன்ஸுக்குக் காத்திருக்க அம்மாவுக்கு நெஞ்சு துணியவில்லை. ஃபிளாற்றுக் காவல்காரர் கைகொடுக்க, அவரை முன் சீற்றில் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டுத் தனியாகவே பொரளை ஆஸ்பத்திரிக்குக் காரை ஓடினாள். போட்டுகளைப் பிய்த்தெறிந்தது ஆஸ்பத்திரி வாசலில். பசை மட்டும் தங்கிவிட்டது.

கொண்டுவந்து சேர்த்தது றேமண்ட் என்று கதை கட்டியதும் அம்மாதான். வியாழக்கிழமை லைசன்ஸ் ட்ரயல். அதுவரை வாய் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"லைசன்ஸ் கைக்கு வந்திட்டால் பிறகு ஏசட்டும் பிள்ளை. அதை அவரால பறிக்கேலாது."

மேல்மாடியிலிருந்து அம்மா வயரை இறக்கினாள். ஆரணி ஹெயார் ட்ரையரைப் பிடித்துப் பசையை இளக்கினாள். கதிரையிலிருந்து கட்டளை வந்துகொண்டே இருந்தது. கிட்டப் பிடிக்காதே, அது தோசைக்கல் இல்லை. இளஞ்சூடு போதும். தேங்காயெண்ணெய் தடவி ஊறவிடு. நகம் போடாதே, பெருவிரலால் உருட்டு. பழைய பெனியன் துணியால் துடை, கடைசியில் சோப்புத் தண்ணியால் கழுவு. பசை புழுப்புழுவாய் உருண்டு வந்தது. அம்மாவுக்கு ஒருநாள் இவ்வளவு பக்குவம் பார்த்திருப்பாரா இந்த மனிதர் என்று ஆரணி நினைத்தாள். விரல் எரிந்தது.

தவமணி தேத்தண்ணியோடு இறங்கிவந்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டு அப்பா தன் வழமையான கதையைத் தொடங்கினார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சொல்லும் கதை. கதையோடு நின்றாலும் பறவாயில்லை, றேமண்டுக்கு ஒரு கைக்கடிகாரமும் வாங்கிக் கட்டிவிட்டிருந்தார். அதன்பிறகு றேமண்ட் படியில் ஆரணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அவன் இல்லாட்டி நான் இண்டைக்குக் கனத்தைச் சுடலையில. என்ன ஓட்டம் தெரியுமே. பொரளைச் சந்தி நெரிசலுக்குள்ளயும் ஒரு உலுக்கல் இல்லை."

நினைவில்லாமல் கிடந்த ஆளுக்கு உலுக்கல் எப்படித் தெரியும்? மனிதர் கதையை ஊதிப் பெருப்பிக்கிறார். ஆரணி பல்லைக் கடித்தாள். அம்மா மட்டும் குனிந்து எண்ணெய்ப் போத்தலை மூடுகிற சாட்டில் சிரித்தாள். வேறொருவன் பெயரில் வந்தாலும், தன் ஓட்டத்தைப் பற்றி அவர் வாயால் வருகிற புகழ் அது ஒன்றுதான்.

இன்னும் வியாழன்வரைதானே என்று ஆரணி தன்னை அடக்கிக்கொண்டாள். டிக்கி முடிந்தது. பொனற்றும் முடிந்தது. கழுவித் துடைத்ததும் நீலம் பளிச்சென்று வந்தது. ஒரு கீறல் இல்லை.

அப்பா பொல்லை ஊன்றி எழும்பி வந்தார். உள்ளங்கையால் பொனற்றை மெல்லத் தடவிக்கொண்டே போய், வலப்பக்க மூலையில் கையை நிறுத்தினார்.

"இதில இன்னும் பிசுபிசுக்குது," என்றார். "அண்டைக்குக் கழண்டதும் இந்த மூலைதான். கொம்மா கார் ஓடேக்க, பொரளை வரைக்கும் அந்த மட்டை என்ர கண்ணுக்கு முன்னால படபடவெண்டு அடிச்சுக்கொண்டே வந்தது. வடிவாத் துடை, காரை வாங்கிற ஆக்கள் வாற நேரமாச்சு."