வாளித் தக்காளி வாடிக் காட்டிய நாள்

ஒரு மொட்டை மாடியில் இரண்டு தக்காளிச் செடிகள் இருந்தன. பெங்களூர்த் தக்காளிக்குத் தலைக்கு மேல் பச்சை வலை, காலையும் மாலையும் தண்ணீர். நாட்டுத் தக்காளிக்கு வெடித்த பெயிண்ட் வாளி, வெட்டவெளி, மிச்சமிருந்தால் அரிசி கழுவிய தண்ணீர்.

சித்திரை வெயிலில் பெங்களூர்க்காரி பூவையெல்லாம் உதிர்த்துவிட்டாள். நாட்டுக்காரிதான் கொத்துக் கொத்தாகக் காய்த்தாள். வீட்டுக்காரி பூங்கோதை தினமும் அவளிடம் பழம் பறித்து ரசம் வைத்தாள். தண்ணீரை மட்டும் வலைக்குள் கொண்டுபோய் ஊற்றினாள்.

"காய்க்கிறது நான், குளிக்கிறது நீயா?" என்று வெடித்தாள் நாட்டுக்காரி.

"நீ எந்த வெயிலையும் தாங்கிடுவியாம், பூங்கோதை அக்காவே சொல்றாங்க. எனக்குத் தலை சுத்துதுடி" என்று முனகினாள் பெங்களூர்க்காரி.

"தாங்குறவளுக்குச் சுடாதுன்னு யாருடி சொன்னது?"

நாட்டுக்காரிக்கு வேர் வரை எரிந்தது. இத்தனை நாள் விறைப்பாக நின்றதுதான் தப்பு. நாளைக்கு நானும் வாடிக் காட்டுகிறேன் பார்!

மறுநாள் உச்சிவேளையில் இலைகளையெல்லாம் தொங்கப்போட்டு, தண்டைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். காய்ந்த துணி எடுக்க வந்த பூங்கோதை பதறிப்போய் வாளியருகே குந்தினாள். இலையைத் தொட்டுப் பார்த்தாள். கீழே ஓடி, குடம் நிறையத் தண்ணீரோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். நாட்டுக்காரி வேரை விரித்துக் காத்திருந்தாள்.

"அடக் கடவுளே, இதுவே வாடிப்போச்சுன்னா அது என்ன பாடுபடும்!" என்றபடி பூங்கோதை அவளைத் தாண்டி, குடத்தோடு பச்சை வலைக்குள் போனாள்.