அண்ணரின் அவசரம்

அண்ணன் முன்னிலையில் தம்பி குடிக்கக் கூடாது என்பது, ஆக்லாந்துக்கு வந்த பின்னும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் மீறாத, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

ஒரேவாக் கடற்கரையைப் பார்த்துவிட்டு, குமேயுத் திராட்சைத் தோட்டங்கள் வழியாகத் திரும்பும்போது ஒரு மிடறு வைன் சுவைத்துவிட வேண்டும் என்று சோதிலிங்கம் மாதக்கணக்காக ஆசைப்பட்டிருந்தான். கொழும்பிலிருந்து வந்திருந்த அண்ணர் ஜெயரட்ணமும் காரில் ஏறிக்கொள்ள, அந்த ஆசையில் மண் விழுந்தது.

போதாததற்கு, தோட்டத்துக்குத் தோட்டம் அண்ணருக்கு அவசரம்.

"தம்பி, நிப்பாட்டு. ஒண்டுக்குப் போகவேணும்."

"இப்பதானே அண்ணை போனனீங்கள்?"

"நீரிழிவுக்காரனிட்டைக் கேக்கிற கேள்வியே இது?"

மூன்றாவது தோட்டத்திலும் கார் நின்றது. வைன் மணத்தை முகர்ந்தபடி சோதிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அண்ணர் வரவே இல்லை.

"மயங்கிக் கியங்கி விழுந்திட்டாரோ? போய்ப் பாருங்கோப்பா," என்றாள் மனைவி யோகராணி.

பதறி உள்ளே ஓடினான். கழிப்பறையில் யாருமில்லை. வைன் சுவைபார்க்கும் மேசையருகே நின்ற அண்ணர், தம்பியைக் கண்டதும் கையிலிருந்த கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

சோதிலிங்கம் வெளியே வந்து, கார்ச் சாவியை யோகராணியிடம் நீட்டினான்.

"இனி நீர் ஓட்டும்."

திரும்பி உள்ளே போய் அண்ணருக்கு அருகிலேயே நின்றான்.

"அண்ணை, மூண்டு இடத்திலையும் எது திறம்? அதிலை எனக்கும் ஊத்தச் சொல்லுங்கோ."