ஆதன் போட்ட கோடு

நறுமுகை வயிற்றில் இருந்தபோது கால் வீங்கி, ஆறாம் நம்பர் செருப்பிலிருந்து ஏழுக்கு மாறினேன். மோதிரத்தை எண்ணெய் தடவித்தான் கழற்ற முடிந்தது. சாம்பார் வாசனைக்கே குமட்டும். சனியன் பிடித்த அந்த நாட்களுக்கு இப்போது மனசு ஏங்குகிறது.

அவள் தம்பி ஆதன், வயிற்றுக்குப் பதிலாகக் கருவை வளர்க்கும் ஆஸ்பத்திரிக் கருப்பெட்டியில் பத்து மாதமும் வளர்ந்தவன். அவனுக்காக என் ஜாக்கெட்கூட இறுகவில்லை.

நேற்று நான் புடவை மாற்றும்போது, என் வயிறு விரிந்ததில் விழுந்த தழும்புகளைத் தொட்டு, "இதெல்லாம் நான் போட்ட கோடு" என்று பீற்றிக்கொண்டாள் நறுமுகை.

ஆதன் குனிந்து தேடினான். "என் கோடு எங்கம்மா?"

அவனுடைய ஸ்கெட்ச் பேனாவையே எடுத்து நீட்டினேன். "நீயே போடுடா."

நாக்கைத் துருத்திக்கொண்டு, தொப்புளுக்குக் கீழே பச்சையில் நீளமாக இழுத்தான்.

இன்று குளிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் நான் சோப்பு போடவில்லை.