ஆம்ஸ்லருக்கு ஒரு வாக்கு

"இந்தமுறை ஆம்ஸ்லருக்குத்தான் போடோணும், அண்ணை. நீங்களும் போடுங்கோ, அக்காவும் போடட்டும்" என்றான் குகதாசன்.

தேநீர்த் தட்டோடு வந்த மதுஜா அப்படியே நின்றுவிட்டாள். தன் புருஷன்தானா இப்படிச் சொல்கிறான்?

சுவிஸில் ஓல்டன் நகருக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊரில் மறுநாள் தேர்தல். ஊர்ச்சபையான கெமைண்டேக்குப் புதுத் தலைவர் வர வேண்டும். நிற்பவர்கள் இரண்டே பேர், ஆம்ஸ்லர் என்ற மனிதரும் கெல்லர் என்ற பெண்மணியும். வீட்டுக்கு வந்து சோபாவில் இருந்த றேமன்டுக்கும் அவர் மனைவி அருள்மலருக்கும் சுவிஸ் குடியுரிமை இருந்தது. குகதாசனுக்கும் இருந்தது. மதுஜாவுக்குத்தான் இல்லை; அதனால் வாக்கும் இல்லை.

"உமக்கென்ன விசரே?" றேமன்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தாள் எங்கட மதுஜாவுக்குச் செய்ததை மறந்திட்டீரோ?"

மதுஜா மறக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் புருஷனும் அவளும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தார்கள். கெமைண்டேயின் குடியுரிமைக் குழு இருவரையும் கூப்பிட்டு விசாரித்தது. குகதாசனிடம் நாலு கேள்வி கேட்டுத் தலையாட்டிவிட்டார் குழுவில் இருந்த ஆம்ஸ்லர். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இந்த ஊரில் உங்களுக்குச் சுவிஸ் சிநேகிதர்கள் யார் யார்?" என்று கேட்டார். யாரை முதலில் சொல்வது, யாரை விடுவது என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, "ஒருவரும் இல்லைப் போல" என்று முடித்துவிட்டார். ஊரோடு ஒட்டவில்லை என்று பதில் வந்தது. அவனுக்குக் கிடைத்தது, அவளுக்கு இல்லை.

இப்போது மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். அடுத்த மாதம் ஆம்ஸ்லர் இருக்கும் அதே குழுவுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும்.

"அது வேறை, இது வேறை" என்றான் குகதாசன். "ஆம்ஸ்லர் கணக்கு வழக்கிலை சுத்தம். வரியைக் கூட்ட விடமாட்டார். மேசையிலை தட்டிக் கதைச்சாரெண்டால் கன்டோன் அரசாங்கக்காரரே எழும்பி நிப்பினம்."

"கெல்லருக்கு என்ன குறை?" அருள்மலர் விடவில்லை. "ஊர் முதியோர் இல்லத்து வாசலிலை பஸ்ஸை நிப்பாட்ட வைச்சது ஆர்? அவதானே! பொங்கல் விழாவுக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்தவ."

"சேலை கட்டினால் தலைவராகலாமோ, அக்கா?"

"போன கிழமை வரைக்கும் நீர்தானே கெல்லர், கெல்லர் எண்டு திரிஞ்சனீர்?" என்றார் றேமன்ட்.

"யோசிச்சுப் பார்த்தன். மாறீட்டன்."

மதுஜா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தான். இவருக்கு என்ன நடந்தது? யாராவது ஏதும் சொல்லிக் கொடுத்துவிட்டார்களா? அன்றைக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று அவளோடு சேர்ந்து அழுத மனிதன்தானா இது?

றேமன்டின் சுருதி இறங்கிவிட்டது. "வரி விசயம்... அதுவும் சரிதான். ஆனால் மனம் ஒப்பேல்லை. தங்கச்சி, நீர் சொல்லும். வாக்கு இல்லாட்டிலும் வாய் இருக்குத்தானே?"

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அண்ணை" என்றவள் வெற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தட்டில் அழுக்கே இல்லை என்பதைக் கவனிக்காமல் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"உம்மோட கதைச்சு என்ரை தலையும் குழம்பீட்டுது" என்று றேமன்ட் கோட்டை மாட்டுவது கேட்டது. "நாளைக்குக் காலமை வாக்குப் பெட்டியடிக்குப் போகேக்கை யோசிப்பம். வாறம், தங்கச்சி."

கதவு சாத்தியதுதான் தாமதம், ஈரக் கையோடு வெளியே வந்தாள் மதுஜா.

"சும்மா குழுவிலை இருக்கேக்கையே என்னை வெட்டி விட்டவர். தலைவரா வேறை வந்தால் என்ரை கதை முடிஞ்சுது. உங்களுக்குத் தெரியாதோ?" அவள் குரல் உடைந்தது. "நீங்கள் சுவிஸ்காரன் ஆகீட்டியள். இனி நான் எப்பிடிப் போனால் என்ன!"

"மெல்லக் கதையும்." அவன் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டான். "றேமன்ட் அண்ணைக்கு முன்னாலை உண்மையைச் சொன்னால், பொழுது படமுதல் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். ஆம்ஸ்லரின்ரை காதுக்குப் போய், அந்தாள் தோத்தும் போச்சுதெண்டால், அந்தக் கோவத்தையும் உம்மிலைதான் தீர்ப்பார்."

"என்ன உண்மை?"

"கெமைண்டேயிலை போய்க் கேட்டனான். தலைவரின்ரை கதிரையிலை இருந்து அந்தாள் தனிய ஒண்டும் வெட்டி விழுத்த ஏலாது. சபையிலை மற்ற ஆக்கள் எல்லாம் கெல்லரின்ரை பக்கம். ஆனால்..." குகதாசன் அன்று முதல்தடவையாக அவளை நேரே பார்த்தான். "தலைவரா வாற ஆள் குடியுரிமைக் குழுவிலை இருக்கக் கூடாதாம். வெண்டவுடனை அந்தாள் அதிலையிருந்து எழும்போணும்!"

மதுஜா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, கீழே காரில் ஏறப்போன றேமன்டைப் பார்த்துக் கத்தினாள்:

"அண்ணை, ஆம்ஸ்லர் தங்கமான மனுசன்! உங்கட கோயில் சனத்துக்கும் சொல்லுங்கோ!"