இருபது நாற்காலிகள்

ஒன்பதாம் மாலையும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

மறுபடி எண்ணினேன். இருபது.

இறந்தவருக்காக ஒன்பது நாள் ஜெபமாலை சொல்வது என் வேலை. இந்த வீட்டுப் பெரியவர் தோன் எவெலியோ தனி ஆள். அவர் வீட்டில் யாரும் சாகவில்லை.

"ஒருத்தனுக்குச் சொல்லணும், புள்ள. பேரைக் கடைசி நாள்ல தரேன்" என்றிருந்தார்.

என் நோட்டில் பெயருக்கான வரி எட்டு நாளாகக் காலி. பெயரில்லாத ஜெபம் போய்ச் சேருமா என்று எனக்கு நிச்சயமில்லை. கேட்கவும் தைரியமில்லை.

தினமும் அவரே காப்பி போட்டார். வாழையிலையில் மக்காச்சோள மாவைக் கட்டித் தமால் அவித்தார். யாரும் வரவில்லை. உள்நாட்டுச் சண்டையில் எங்கள் ஊர் மலையிலிருந்த போராளிகள் பக்கம். அவர் ராணுவத்தில் சார்ஜன்ட். எல்லாம் முடிந்தபின் இங்கே ஏன் குடிவந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய வீரப் பதக்கம், கீழே பொன்னெழுத்தில் அதைப் பெற்றுத்தந்த மோதலின் தேதி.

எதிர்வீட்டு ஒடிலியா அம்மா மட்டும் மாவு அரைத்துத் திரும்பும்போது வாசலில் நிற்பார்.

"இன்னிக்கும் இருபதா, சார்ஜன்ட்? நீ சுட்டவங்கல்லாம் வந்து உக்காரவா?"

இன்றும் கேட்டார். தோன் எவெலியோ சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய அந்தோனியார் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பின்னாடி இருக்கு. நீயே படி. எனக்கு வாய் வரல."

பென்சிலில் ஒரு பெயர், பாதி அழிந்திருந்தது. அதைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினேன்.

"நெஃப்தலி ஆர்கேத்தாவின் ஆன்மாவுக்கு..."

வாசலில் மாவுப் பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

ஒடிலியா அம்மாவின் மகன். மலைக்குப் போனவன். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. செத்த நாள் தெரியாமல் ஜெபம் வைக்கமாட்டேன் என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்தார்.

உள்ளே வந்து படத்தை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மகன் போகும்போது ஒடிலியா அம்மாவே எழுதிக் கொடுத்த படம் அது.

"என்னைக்கு?"

தோன் எவெலியோ சுவரிலிருந்து பதக்கத்தைச் சட்டத்தோடு கழற்றி அவரிடம் கொடுத்தார்.

ஒடிலியா அம்மா பொன்னெழுத்தின் மேல் விரல் வைத்து, ஒவ்வோர் எண்ணாக வாசித்தார்.

பிறகு கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்தொன்பது நாற்காலிகள் காலியாக இருந்தும், தோன் எவெலியோ நின்றுகொண்டே இருந்தார்.

ஜெபம் முடிந்ததும் நான் மெழுகுவர்த்தியை அணைக்கப் போனேன். ஒன்பதாம் நாள் அணைத்துவிட வேண்டும்.

"அணைக்காத, புள்ள" என்றார் ஒடிலியா அம்மா. "இன்னிக்குத்தான் முதல் நாள்."